மேட்டு மண் அடித்த புஞ்சை

சோலைச்சாமி அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டது ஆசைப்பட்டு இல்லை. பயந்தும் இல்லை. நன்றாக யோசித்துத்தான் போட்டார். யோசனை தப்பாகிப் போனது வேறு விஷயம்.

புளியம்பேரிக்கு வடக்கே, கோவில்பட்டி போகிற தார்ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு மேடு இருக்கிறது. சுற்றிலும் கரிசல் கறுப்பாகக் கிடக்க, அது மட்டும் வெளிறிக் கிடக்கும். ஊரில் அதற்குச் சாம்பமேடு என்று பெயர். போன வருஷம் மாசி மாதம் தொல்லியல் துறை ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நூல் கட்டி, சதுரம் சதுரமாகக் குழி வெட்டினார்கள். மேற்குப் பக்கத்துக் குழியில் ஒரு சுவர் தட்டியது. ஒரு முழ நீளச் செங்கல், ஆறடிக் கனம். பின்னாலேயே வெட்டிக்கொண்டு போனால் அது ஒரு பக்கம் வடக்கேயும் மறுபக்கம் தெற்கேயும் வளைந்து போகிறது. வீட்டுச் சுவர் இல்லை, ஊரைச் சுற்றிக் கட்டின மதில் என்றார்கள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின கோட்டை நகரம் என்று பேப்பரில் வந்தது. அதுவரை அந்த மேட்டில் வெளிக்கு இருந்த சனம் அதற்கப்புறம் ரோட்டைத் தாண்டிப் போக வேண்டியதாயிற்று.

இந்த வருஷம் அவர்களுக்கு மதிலுக்கு வெளியே என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இந்துஜா என்று ஒரு பெண். முப்பது வயதுக்குள் இருக்கும், விருத்தாசலம் பக்கம். குழிகளைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி அவள்தான். தலையில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, காசைத் தொலைத்தவள் மாதிரி குனிந்த தலை நிமிராமல் புஞ்சை புஞ்சையாக நடந்தாள். ஒரு புஞ்சையில் நாலு பானை ஓடு, இன்னொன்றில் ரெண்டு. மேட்டுக்குத் தெற்கே முக்கால் மைலில் இருக்கிற சோலைச்சாமியின் மூன்று ஏக்கரில் மட்டும் களத்தில் காயப்போட்ட மாதிரி ஓடு. கறுப்பு, சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பும் மறுபக்கம் சிவப்புமாக ஒரு ரகம். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஓடு எப்படி வந்தது என்று சோலைச்சாமிக்குத் தெரியும். அவர் வண்டியில் வந்தது.

கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து மாட்டை விற்கிற வரை, ஒவ்வொரு கோடையும் சாம்பமேட்டில் மண் வெட்டிப் புஞ்சைக்கு அடித்தார். குளத்துக் கரம்பை மண்ணைவிட மேட்டு மண் வாங்கின புஞ்சையில் பருத்தி ஒரு சாண் கூடுதலாக நிற்கும். உரம் வாங்க வக்கில்லாத காலம். ஊரில் ஏழெட்டுப் பேர் அடித்தார்கள். மற்றவர்கள் புஞ்சையெல்லாம் இப்போது முள்கம்பிக்குள் போய்ச் சோலார் தகடாக மின்னுகிறது. மிச்சம் இருப்பது இவருடையது ஒன்றுதான்.

இதை அவர் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் மேட்டின் ஓரத்தில் நட்டிருக்கிற நீலப் பலகை. சோலைச்சாமி மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டிப் படிக்க அரைமணி ஆயிற்று. இங்கே மண் எடுப்பது தண்டனைக்குரிய குற்றம் என்று இருந்தது. எந்த வருஷத்திலிருந்து குற்றம் என்று போடவில்லை. அவர் யாரிடமும் கேட்கவும் இல்லை. கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார்கள்.

அரசாங்கத்து ஆளும் கம்பெனி ஆளும் அவருக்கு ஒன்றுதான். காற்றாலைக்காரன் றெக்கை கொண்டுபோகப் பதினைந்து நாள் பாதை கேட்டான். புஞ்சை எல்லைப் பொழி ஓரமாகச் சரளைக்கல் போட்டான். பதினோரு வருஷமாக அந்தக் கல் அங்கேதான் கிடக்கிறது.

ஆக, இந்துஜா தாளை நீட்டியபோது அவர் நினைத்தது இது. வேண்டாம் என்றால் சந்தேகப்படுவார்கள். ஒரு குழிதானே, வெட்டட்டும். ஓரடி, ஒன்றரை அடியில் மேட்டு மண் தீர்ந்துவிடும். கீழே சுத்தக் கரிசல். பார்ப்பார்கள், ஒன்றும் இல்லை என்று மூடிவிட்டுப் போவார்கள். ஆவணி இன்னும் முடியவில்லை. புரட்டாசியில் புழுதியில் உளுந்து விதைக்க நேரம் இருக்கிறது.

"எத்தனை நாளு?" என்று கேட்டார்.

"பத்து நாள் ஐயா. மூடிக் கொடுத்துடுவோம்."

"சரளைக்கல் எதுவும் போட மாட்டியளே?"

அவளுக்குப் புரியவில்லை. சிரித்தாள். இவர் சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

முதல் நாள் முக்கால் அடி வெட்டினார்கள். எட்டுக் கூடை ஓடு. இரண்டாம் நாள் ஓரடி. அஞ்சு கூடை. புஞ்சை ஓரத்தில் உடைமர நிழலில் சோலைச்சாமி துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். நினைத்தபடிதான் போகிறது என்று இருந்தார். குழிக்குள் வேலை பார்த்தது உள்ளூர்ப் பெண்கள்தான். தீப்பெட்டி ஆபீசைவிட இது மேல் என்று வந்தவர்கள்.

"என்ன தாத்தா, ஒங்க காட்டுக்குள்ள ஒரு ஊரே இருக்கு. இத்தனை வருசமா வீட்டு வரி கட்டுனீயளா?" என்றாள் செல்வமாரி, குழிக்குள்ளிருந்து தலையை நீட்டி.

"ஒங்க அப்பன்தான் வசூல் பண்ணிட்டுப் போனான். போடி, வேலையப் பாரு."

மூன்றாம் நாள் ஒன்றரை அடியில் ஓடு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. நாலாம் நாள் முழங்காலுக்கு மேல் போய்விட்டார்கள். ஒரு மூலையில் கைப்பிடி ஓடு, இன்னொரு மூலையில் ஒரு பாசிமணி. ஏழாம் நாள் இடுப்பளவு. அங்கேயும் கறுப்பு சிவப்பு ஓடு ரெண்டு. இந்துஜா அதைத் தூரிகையால் துடைத்து, அளவு நாடாவைப் பிடித்து, போட்டோ எடுத்தாள்.

சோலைச்சாமி வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். கீழே எப்படிப் போனது? ஆளா இறங்கிப் புதைத்தான்?

அன்று வீட்டுக்கு நடக்கும்போது, உழாமல் கிடந்த ஓடைக்கரைப் பொட்டலில் அவர் ஊன்றின கம்பு ஒரு முழம் உள்ளே போயிற்று. அவருக்கு விளங்கிவிட்டது. கோடையில் கரிசல் வெடித்துப் பிளந்து கிடக்கும். கை தோள்பட்டை வரை போகும். ஆட்டுக்குட்டி கால் மாட்டி ஒடித்துக்கொள்ளும். மேலே கிடக்கிற கல், ஓடு, சோளத்தட்டை எல்லாம் காற்றிலும் மாட்டுக் காலிலும் உருண்டு உள்ளே விழும். ஐப்பசி மழையில் மண் ஊதி மூடிக்கொள்ளும். அடுத்த கோடையில் வேறு இடத்தில் வாயைத் திறக்கும். நாற்பது, அம்பது கோடையாக அவர் புஞ்சை அவர் கொட்டினதை விழுங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. இது அவருக்குத் தெரியாத சங்கதி இல்லை. குழி வெட்டச் சொல்லும்போது நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் வெள்ளைக் காரில் பெரிய அதிகாரி வந்தார். குழியைச் சுற்றி நடந்தார். நாலடிக்கும் கீழே ஓடு கிடக்கிறதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. நகரம் மதிலோடு நிற்கவில்லை, தெற்கே முக்கால் மைல் பரவி இருந்திருக்கிறது, மேட்டின் தெற்கு ஓரத்தில் இருக்கிற பள்ளம்தான் வாசல், வாசலிலிருந்து நேரே இங்கே தெரு வந்திருக்கும் என்று கையை நீட்டி நீட்டிச் சொன்னார். கூட வந்தவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

"மழைக்கு முன்னாடி தார்ப்பாய் போட்டு மூடுங்க. அடுத்த பருவம் இங்க பத்துக் குழி. மூணு ஏக்கர்லயும் ஏர் போகக் கூடாது" என்றார் இந்துஜாவிடம். பிறகு இவர் பக்கம் திரும்பி, "பெரியவரே, உங்களுக்கு இழப்பீடு வரும்" என்றார்.

"எப்ப வரும்?"

"வரும்."

சோலைச்சாமி அதற்கு மேல் கேட்கவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் காற்றாலைக்காரனும் இந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னான்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடைக்கு முன்னால் வார்டு மெம்பர் மணிராஜ் ஆள் உயரத்துக்கு பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தான். தெற்கு வாசல் கண்ட புளியம்பேரி என்று எழுதி, யாரோ வரைந்த ஒரு வாசல் படம், ரெண்டு பக்கமும் யானை, கீழே மணிராஜ் கைகூப்பி நிற்கிறான். யானையைவிட அவன் பெரிசு.

"வாங்க பெரியப்பா! ஒங்களால ஊருக்கே யோகம். மியூசியம் நமக்குத்தான்னு பேசிக்கிடுதாங்க. மியூசியம் வந்தா ரோடு, ரோடு வந்தா பஸ்சு. நேரே கோவில்பட்டிக்கு ஏறலாம்."

"எங்காட்ட நான் எங்க ஏத்தட்டும்?"

"அட, மூணு ஏக்கர் மானாவாரி. பன்னி திங்கதுக்குத்தான வெதைக்கீக. ஊருக்காகக் குடுத்தா என்ன?"

"ஒங்காட்டைச் சோலாருக்குக் குடுக்கும்போது ஊரைக் கேட்டியாலே?"

மணிராஜ் ஏணியில் ஏறி கயிற்றை இழுத்துக் கட்டினான்.

வீட்டில் ஆறுமுகத்தாய் விதை உளுந்தைச் சுளகில் புடைத்துக்கொண்டிருந்தாள். சோலைச்சாமி நடந்ததைச் சொன்னார். அவளும் அந்த மேட்டில் மண் சுமந்து வண்டியில் ஏற்றினவள்தான். கை நிற்காமல் கேட்டாள்.

"மண்ணு அடிச்சத சொல்லித் தொலைங்களேன். தூக்குலயா போட்டுருவாக?"

"பலகையில எழுதிப் போட்டிருக்கான்."

"பலகையில நெறய எழுதுவான். இந்த வருசம் வெதைக்கலைன்னா தையில என்னத்த அள்ளுவீக? பானை ஓட்டையா? மகன் திருப்பூர்ல இருந்து அனுப்புதது அவனுக்கே காணல."

"சொன்னா ஊருக்காரன் வேற காறித் துப்புவான்."

"இப்ப மட்டும் பன்னீரா தெளிக்கான்?"

மறுநாள் காலையில் அவர் குழிக்குப் போனபோது இந்துஜா மட்டும் இருந்தாள். குழிச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது.

"ஏம்மா, இது ஊரு இல்ல. நான் கொட்டுன மண்ணு. மேட்டுல இருந்து வண்டியில அடிச்சேன். ஓடு அதுல வந்தது."

அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நேத்து சார் வந்துட்டுப் போனதும் இதைச் சொல்றீங்களே ஐயா."

"நேத்துதான காட்டைப் புடுங்கினான்."

"போன வருஷம் மேட்டுக்குக் கிழக்கே ஒருத்தர், சுவரையே தான் கட்டினதா சொன்னார். ஆட்டுக்கொட்டகைக்காம். நிலத்தை விட்டா போதும்னு எல்லாரும் ஏதாவது சொல்றாங்க."

சோலைச்சாமிக்குச் சுருக்கென்றது. வாழ்நாளெல்லாம் அடுத்தவனை நம்பாதவர் அவர். அவரை ஒருத்தி நம்பாதது புதுசாக இருந்தது. சந்தேகத்துக்கு இதுதான் ருசியா என்று ஒரு நிமிஷம் நின்றார்.

"வா எங்கூட" என்று விறுவிறுவென்று கிழக்குப் பொழிக்கு நடந்தார். அந்தப் பக்கம் கடற்கரை என்பவரின் புஞ்சை. கடற்கரை ஆட்டுக்காரர், இவர் வயது. பொழியில் நின்று ஆடுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன வே சோலை, ராசா ஆயிட்டீரு போல. கோட்டைக்குப் படி ஏறிப் போறீரா?"

"ஒரு நிமிசம் வாயப் பொத்தும். ஏம்மா, இந்தப் பொழி எங்க அய்யாவும் இவிய அய்யாவும் போட்டது. அறுபது வருசம் இருக்கும். இந்தப் பக்கம் ஓடு பாரு. இப்ப தாண்டி அந்தப் பக்கம் பாரு."

இந்துஜா பொழியைத் தாண்டினாள். குனிந்து இருபது முப்பது எட்டு நடந்தாள். திரும்பி வந்தாள். பையிலிருந்து நூலும் நாலு ஆணியும் எடுத்து, பொழிக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டர் சதுரம், அந்தப் பக்கம் ஒரு மீட்டர் சதுரம் கட்டினாள். மண்டியிட்டுப் பொறுக்கினாள். இந்தப் பக்கம் நாற்பத்து மூன்று. அந்தப் பக்கம் ஒன்று.

"அந்த ஒண்ணு எம்பேத்தி இங்கன இருந்து எறிஞ்சிருப்பா" என்றார் கடற்கரை. "எங்காட்டுக்கு நான் எதுக்கு மண்ணு அடிக்கணும்? எம்பது ஆடு கெடை போட்டேன். ராத்திரி படுத்து எந்திச்சா உரம். இவருக்கு ஆடு இல்ல, மாட்டைக் கொன்னாரு. மாடு ரெண்டும் இவரு வண்டின்னா கண்ணீர் விடும்."

"ஒம்ம ஆடு எங்க பருத்தியத் தின்னதச் சொல்லும் வே."

இந்துஜா இருவரையும் கவனிக்கவில்லை. பொழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின தெரு, சோலைச்சாமியின் அய்யா போட்ட பொழிக்கு வந்ததும் மரியாதையாக நின்றுவிட்டிருக்கிறது.

"சரி. மேல கிடக்கிறது நீங்க கொட்டினதுன்னே வச்சுக்குவோம். நாலடிக்குக் கீழ எப்படிப் போச்சு?"

அவர் ஓடைக்கரைப் பொட்டலுக்குக் கூட்டிப்போனார். வெடிப்பு ஒன்றைக் காட்டினார். அவள் கையிலிருந்த ஓட்டை வாங்கி உள்ளே போட்டார். டப் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்துக் கீழே இன்னொரு சத்தம். அவள் அளவு நாடாவை உள்ளே விட்டாள். நூற்றுப் பத்து சென்டிமீட்டர் போனது.

"புரட்டாசியிலயே இவ்வளவா? மேட்டுல இந்த மாதிரி வெடிப்பே இல்லையே."

"அது சாம்ப மண்ணு, வெடிக்காது. இது கரிசல். சித்திரையில வந்து பாரு. ஒன்னையே போட்டு மூடிரும்."

அவள் அப்படியே வரப்பில் உட்கார்ந்தாள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கும் உறுத்திக்கிட்டுதான் இருந்துச்சு. ஓடு வருது, ஆனா தரைன்னு ஒண்ணு இல்ல, அடுப்பு இல்ல, சாம்பல் இல்ல. மேலேருந்து கீழ வரைக்கும் ஒரே மண்ணு. சார் வெள்ளம் கொண்டுவந்ததுன்னார்." பிறகு தலையைத் தூக்கி, "மேட்டுல எந்த இடத்துல மண் எடுத்தீங்க ஐயா?" என்றாள்.

அதைக் கேட்பாள் என்று அவர் நினைக்கவில்லை. வாய் விட்டாயிற்று. இனி மறைத்து ஆகப்போவது இல்லை. கூட்டிக்கொண்டு மேட்டுக்கு நடந்தார். தெற்கு ஓரத்தில் இருந்த பள்ளத்தில் போய் நின்றார்.

"இங்கனதான். வண்டி நேரே வந்து நிக்க இந்த ஓரந்தான் சவுகரியம். எல்லாவனும் இங்கனதான் வெட்டுனோம்."

இந்துஜா பள்ளத்தின் இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அதிகாரி கைகாட்டின வாசல் அதுதான். மணிராஜ் பிளக்ஸில் யானை நிற்கிற வாசல்.

"இது வாசல்னு சொல்லியிருக்கோம் ஐயா. படம் போட்டு மேல அனுப்பியாச்சு."

"வாசல்தான். வண்டி வாசல்."

"எத்தனை வண்டி எடுத்திருப்பீங்க?"

"நான் கோடைக்கு நாப்பது வண்டி. இருவது வருசம் அடிச்சேன். மத்தவன் அடிச்சது எனக்குத் தெரியாது."

"இங்க சுவர் இருந்துச்சா? செங்கல் கிடந்துச்சா?"

"கெடந்தது. பெரிய பெரிய கல்லு. மண்வெட்டியில தட்டித் தட்டி மழுங்கும். பேத்து எடுத்து அங்கிட்டு எறிவோம். வேணும்னவன் வீட்டுக்குக் கொண்டுபோனான். மாட்டுத் தொழுவத்துக்குத் தளம் போட்டான், அடுப்புக்கு வச்சான். கோட்டைன்னு எவனும் சொல்லல. சொல்லியிருந்தாலும் எடுத்துத்தான் இருப்போம்."

அவள் பள்ளத்தின் ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். மதில் மேற்கேயிருந்து வளைந்து வந்து இந்த இடத்தில் முறிந்து நின்றிருந்தது. அவர்கள் அதை வாசலுக்கு விட்ட இடைவெளி என்று எடுத்துக்கொண்டார்கள். சோலைச்சாமி மேட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். தான் செய்தது இன்னது என்று அவருக்கு அப்போதுதான் உருவமாகத் தெரிந்தது. கோட்டையின் ஒரு மூலையை முழுசாக வெட்டி எடுத்துப் பருத்திக்குப் போட்டிருக்கிறார். வருத்தம் ஒன்றும் வரவில்லை. பருத்தி நன்றாகத்தான் விளைந்தது. பிடித்துக்கொண்டு போவார்களோ என்பதுதான் இருந்தது.

"கேசு போடுவியளா?"

"பலகை நட்டதே போன வருஷம்தான் ஐயா. அதுக்கு முந்தி எடுத்ததுக்கு யாரும் எதுவும் செய்ய மாட்டாங்க."

"நீ சொல்லுத. எழுதிக் குடுப்பியா?"

"எழுதித் தரேன். ஆனா இதையெல்லாம் நான் அறிக்கையிலயும் எழுதணும்."

"எம்பேரைப் போடாத."

"உள்ளூர் விவசாயி சொன்ன தகவல்னு போடுறேன்."

"உள்ளூருன்னும் போடாத."

அன்றைக்கே ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, செல்வமாரியிடமும் ஒருதரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, மடித்து இடுப்பில் செருகினார்.

மூன்றாம் நாள் பெரிய அதிகாரி திரும்ப வந்தார். பொழிக்கு ரெண்டு பக்கமும் நூல் சதுரங்களைப் பார்த்தார். இந்துஜா இப்போது ஆறு இடத்தில் கட்டியிருந்தாள். ஆறிலும் அதே கதை. சோலைச்சாமியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காரில் ஏறும்போது, "மூடிடுங்க" என்று மட்டும் சொன்னார். அடுத்த பருவத்தில் தெற்கே குழி இல்லை என்று ஆகிவிட்டது. மியூசியம் எங்கே என்று யாரும் சொல்லவில்லை.

மணிராஜ் வீட்டு வாசலிலேயே வந்து நின்றான்.

"ஊரு வாயில மண்ணள்ளிப் போட்டுட்டீகளே பெரியப்பா. சும்மா இருந்திருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"எங்காடு கெட்டுப்போச்சு."

"மூணு ஏக்கரு!"

"எனக்கு அவ்வளவுதாம்லே இருக்கு."

அவன் போனபிறகு நாலைந்து நாள் டீக்கடையில் இவருக்கு கிளாஸ் கடைசியாகத்தான் வந்தது. அதுவும் ஆறி வந்தது. குடித்துவிட்டு வந்தார். குழியை மூடும்போது பக்கத்தில் நின்று, அடிமண்ணில் இருந்த சுண்ணாம்புச் சுக்கான் கல் மேலே வந்துவிடாமல் கீழதைக் கீழே, மேலதை மேலே என்று தள்ளச் சொன்னார். முக்கால்வாசி அப்படித்தான் தள்ளினார்கள். மிச்சத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அந்த இடத்தில் இந்த வருஷம் உளுந்து மட்டமாகத்தான் வரும்.

மூடி முடித்த அன்று இந்துஜா கூச்சத்தோடு இன்னொன்று கேட்டாள். மேட்டில் இல்லாமல் போன மூலை இப்போது இந்தப் புஞ்சையில்தான் கிடக்கிறது. எந்த ஓடு எந்த ஆழத்தில் இருந்தது என்று இனிமேல் தெரியாது, ஆனாலும் சாமான் சாமான்தான். எழுத்துக் கீறின ஓடு இருக்கலாம், காசு இருக்கலாம். ஒரு மாதம் கொடுத்தால் மேல்மண்ணைச் சல்லடையில் சலித்துப் பார்க்கலாம்.

"ஒரு மாசத்துல மழை வந்துரும்."

"இருபது நாள்?"

"ஏம்மா, இன்னைக்குப் புரட்டாசி பதினஞ்சு. புழுதியில வெதை விழுந்து கெடக்கணும். மழைக்கு அப்புறம் கரிசலுக்குள்ள எவனும் கால வைக்க முடியாது. வெதை தப்புச்சுன்னா வருசம் தப்புச்சு." அவள் போகாமல் நின்றுகொண்டே இருந்தாள். "நாளன்னைக்கு உழுவுதேன். டிராக்டர் பின்னால வந்து எது வெளிய வருதோ பொறுக்கிக்கோ. அன்னைக்கு ஒரு நாளு. மறுநா வெதை. வெதை விழுந்த பொறவு உள்ள ஒரு கால் படக் கூடாது."

"ஒரு நாள்ல மூணு ஏக்கர் எப்படி ஐயா?"

"ஆளக் கூட்டிட்டு வா."

பதினோரு பெண்களைக் கூட்டி வந்தாள். டிராக்டர் முன்னால் போக, கொழு புரட்டின மண்ணில் வரிசையாக வாளியோடு நடந்தார்கள். இந்துஜா புஞ்சையைக் கயிறு கட்டிப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனிச்சாக்கு வைத்திருந்தாள். சோலைச்சாமி வரப்பிலேயே நின்றார். சாமானைத் தவிர வேறு எதையும் எடுத்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டு நின்றார். கோரைக்கிழங்கையும் சேர்த்துப் பொறுக்கிப் போடச் சொன்னார். செல்வமாரி, "அது எந்தக் காலத்துக் கோரை தாத்தா?" என்றாள். பொழுது இறங்கும்போது இருபத்து நாலு சாக்கு சேர்ந்தது. ஒரு செப்புக்காசு கிடைத்தது. ஒரு பாசிமணி. எழுத்துள்ள ஓடு ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை டிராக்டரில் விதைப்பெட்டி மாட்டினார்கள். ஆறுமுகத்தாய் பெட்டியில் உளுந்தைக் கொட்டினாள். சோலைச்சாமி சாலுக்கு ஓரமாக, விதை சரியான ஆழத்தில் விழுகிறதா என்று குனிந்து பார்த்தபடி கூடவே நடந்தார். இந்துஜா சாக்குகளை ஜீப்பில் ஏற்ற வந்தவள் பொழியில் நின்றிருந்தாள்.

நாலாவது சுற்றில் பொழியை ஒட்டி வரும்போது அவள் கையைத் தட்டிக் கூப்பிட்டாள். "ஐயா! உங்க காலுக்கு இடது பக்கம். கறுப்பு ஓடு. அதுல கீறல் தெரியுது. எழுத்து மாதிரி இருக்கு!"

அவர் பார்த்தார். ஓடு கிடந்தது. உள்ளங்கை அகலம். கீறல் நாலைந்து இருந்தது. எழுத்தா கொழு பட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் படித்த எழுத்து எதுவும் அதில் இல்லை. அதன் மேல் ரெண்டு உளுந்து விழுந்து கிடந்தது. குனிந்து எடுத்தால் அந்த ரெண்டும் வெளியே வரும். சுற்றி மிதித்தால் இன்னும் நாலு அமுங்கும்.

"நான் வந்து எடுத்துக்கட்டுமா? ஓரமா வரேன். ஒரே ஒரு நிமிஷம்."

"வராத."

"ஐயா, அது எழுத்தா இருந்தா..."

"எழுத்துன்னா அழிஞ்சா போவும்? மண்ணுக்குள்ளதான கெடந்தது. தையில உளுந்தைப் பிடுங்கிருவோம். அப்ப வா, தேடி எடுத்துக்கோ."

"மழையில வெடிப்புக்குள்ள போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க."

"வெடிப்பு மழையில விழாது, கோடையிலதான் விழும். தையில வா."

அவள் பொழி மேலேயே எட்டு வைத்து அளந்து அந்த இடத்தை நோட்டில் குறித்துக்கொண்டாள். டிராக்டர் அடுத்த சுற்று வரும்போது விதைப்பெட்டிக்குப் பின்னால் கட்டியிருந்த பலகை அந்த இடத்தையும் சேர்த்து மூடிக்கொண்டு போனது. டிராக்டர் கிழக்குப் பொழியில் திரும்பியது. சோலைச்சாமி அடுத்த சாலுக்குக் குனிந்தார். அன்று சாயங்காலம் மேற்கே மேகம் கூடியது. பெய்யவில்லை.